சென்னையின் என்ன?

2014 ஆகஸ்டில் ஒரு காலை. பேப்பரில் அந்தப் பெயரைப் பார்த்த அப்பா, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துவிட்டு மறுபடி ஒருமுறை படித்தார். முப்பது வருஷம் அச்சகத்தில் ப்ரூஃப் திருத்தியவர். கல்யாணப் பத்திரிகையில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

“சென்னையின் எஃப்சி... சரி, சென்னையின் என்னடா? வேற்றுமை உருபைப் போட்டுட்டு அதுக்கப்புறம் வரவேண்டிய பேரை விட்டுட்டாங்களே.”

என்னிடம் பதில் இல்லை. எனக்கும் அந்தப் பெயர் பாதியில் நிற்பதாகத்தான் பட்டது. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) என்று புதிதாக ஆரம்பித்த கால்பந்து லீகுக்காக உண்டாக்கிய அணி. உரிமையாளர்கள் அபிஷேக் பச்சனும் விடா டானியும். சில வாரம் கழித்து தோனியும் சேர்ந்துகொண்டார். பயிற்சியாளர் இத்தாலியின் மார்க்கோ மாட்டெராசி, 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிடேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கினாரே, அவரேதான். நட்சத்திர ஆட்டக்காரர் பிரேசிலின் எலானோ. இதில் சென்னை எங்கே இருக்கிறது என்று தேடினால் சின்னத்தில் இருந்தது. புதுக் கட்டடத்தின் முகப்பில் தொங்கவிடுவோமே, அந்தத் திருஷ்டி பொம்மையின் முகத்தைச் சின்னமாக வைத்திருந்தார்கள். அது எனக்கு உடனே பிடித்துப் போயிற்று.

அந்த மைதானமும் எனக்குப் பிடித்த இடம்தான். சென்ட்ரலில் இறங்கி, ரிப்பன் மாளிகையைத் தாண்டிப் பின்னால் நடந்தால் பெரியமேட்டில் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம். அப்பா இன்றைக்கும் அதைக் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்றுதான் சொல்வார். 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக 413 ரன் சேர்த்து ஓப்பனிங் போட்டது அங்கேதான். 52 வருஷம் அது உலக சாதனையாக நின்றது. தாத்தாவின் தோளில் உட்கார்ந்து அதில் கொஞ்சம் பார்த்தேன் என்பார். அதே இடத்தைப் புதிதாகக் கட்டி 1993இல் நேரு கோப்பைக் கால்பந்து நடத்தியபோது அவர் என்னைக் கூட்டிப் போனார். எனக்கு 12 வயது. ஆட்டம் எதுவும் நினைவில்லை. விளக்குக் கம்பங்களின் வெள்ளை வெளிச்சத்தில் புல் அவ்வளவு பச்சையாக இருந்தது மட்டும் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்கப்புறம் இருபது வருஷம் நானும் எல்லோரையும் போல ராத்திரி கண்விழித்து இங்கிலாந்து லீகும் ஸ்பெயின் லீகும் பார்த்தவன்தான். பெயர் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, பஸ் பிடித்துப் போய்ப் பார்க்க ஒரு அணி வந்துவிட்டதே என்றிருந்தது.

கூட வந்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன். கால்பந்து என்றால் வடசென்னை, அதிலும் வியாசர்பாடி. குட்டி பிரேசில் என்று அந்த ஏரியாவுக்குச் சும்மா பெயர் வரவில்லை. மாலை ஆனால் மண் தரையில் முப்பது நாற்பது பிள்ளைகள், பாதிப் பேர் வெறுங்காலில். மச்சானும் அதில் ஒருவனாக இருந்தவன்தான். முட்டி போனதால் ஆட்டத்தை விட்டான். நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மாமா என்பான். அணியின் செல்லப் பெயர் மெரினா மச்சான்ஸ் என்று தெரிந்ததும், “மாமா, இது நம்ம டீம்தான், எழுதியே வெச்சிட்டாங்க” என்று போனில் கத்தினான்.

2014 அக்டோபர் 21, முதல் உள்ளூர் ஆட்டம், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக. சென்ட்ரலில் இருந்து கேரளாவின் மஞ்சள் சட்டைகள் அலை அலையாக வந்துகொண்டிருந்தன. எலானோ பெனால்டியில் ஒன்று போட்டார், அவர்கள் சமன் செய்தார்கள். அப்புறம் கொலம்பியாக்காரர் ஸ்டீவன் மெண்டோசா கோலுக்கு முதுகைக் காட்டியபடி அந்தரத்தில் எழும்பி, தலைக்கு மேல் காலை வீசி அடித்தார். அந்த மைதானத்தில் கேலரிக்கும் புல்லுக்கும் நடுவே ஓட்டப்பந்தயப் பாதை ஓடும். ஆட்டம் கொஞ்சம் தூரத்தில்தான் தெரியும். பந்து வலையில் விழுந்ததா இல்லையா என்று எனக்கு ஒரு நொடி புரியவில்லை. மச்சான் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியபோதுதான் கோல் என்று தெரிந்தது.

அந்த வருஷம் லீகில் முதலிடம். எலானோ 8 கோலுடன் தங்கக் காலணி வாங்கினார். அரையிறுதியில் அதே கேரளாவிடம் கொச்சியில் 0-3. இங்கே வந்து மூன்றையும் திருப்பிப் போட்டு, கூடுதல் நேரம் வரை இழுத்து, 117ஆவது நிமிடத்தில் ஸ்டீஃபன் பியர்சன் அடித்த ஒரு கோலில் எல்லாம் போயிற்று. பக்கத்து வரிசையில் ஒரு மலையாளிக் குடும்பம். அவர்கள் வீட்டுச் சின்னப் பையன் குதித்துக் குதித்துக் கத்தினான். அவன் அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவனை இழுத்து உட்காரவைத்தார். வெளியே வந்து சென்ட்ரல் வரை ஒரு வார்த்தை பேசாமல் நடந்தோம். ஒரு அணி தோற்றதற்காகத் தொண்டை அடைப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஆனாலும் இது நம்முடையதுதானா என்ற சந்தேகம் உள்ளே ஒரு ஓரத்தில் இருந்தது. ஆபீஸில் ஒருவர் கேட்பார்: “நேத்து ஆரம்பிச்ச கம்பெனி டீமுக்கு எதுக்கு சார் இவ்வளவு?” கொல்கத்தாவின் மோகன் பகான் 1889இல் ஆரம்பித்தது, அங்கே தாத்தா, அப்பா, பேரன் என்று வருகிறார்கள், அது கிளப் என்பார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பதில் 2015 டிசம்பரில் வந்தது.

அந்த வருஷம் நவம்பரில் ஒரு கட்டத்தில் எட்டு அணிகளில் நாங்கள் கடைசி. மீதமிருந்த நாலு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்கு வந்தார்கள். அதற்குள் ஊரில் வெள்ளம். எங்கள் வீடு ஜாஃபர்கான்பேட்டையில், அடையாற்றுக் கரையில் இருந்து நாலு தெரு தள்ளி. டிசம்பர் 1 ராத்திரி தண்ணீர் வாசல்படி ஏறி, விடிவதற்குள் ஜன்னல் கட்டைக்கு வந்துவிட்டது. அப்பாவை நாற்காலியோடு தூக்கி மாடி வீட்டுக்கு ஏற்றினோம். அவர் சேர்த்துவைத்த அகராதிகளில் கீழ் இரண்டு தட்டு முழுக்கப் போயிற்று. ஊறிப் பருத்த புத்தகங்களை அப்புறம் மொட்டை மாடியில் விரித்துக் காயவைத்தோம். பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி ஆகிவிட்டன. மூன்றாம் நாள் மச்சான் வியாசர்பாடியில் இருந்து இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தான், தலையில் ஒரு அரிசி மூட்டை, கையில் பிளீச்சிங் பவுடர்.

விமான நிலையத்தையே மூடியிருந்த நேரம். அரையிறுதியின் முதல் ஆட்டம் சென்னையில் நடக்க முடியாமல் புனேவுக்குப் போனது. உள்ளூர் ஆட்டம், ஆனால் ஊர் இல்லை. எதிரணி போன வருஷத்துச் சாம்பியன் அட்லெடிகோ டி கொல்கத்தா. அந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. வீட்டுக்குள் இருந்து சேற்றை அள்ளிக்கொண்டிருந்தேன். மச்சானின் போனில் வந்தது: 3-0. புரூனோ பெலிசாரி, ஜேஜே, மெண்டோசா. கையெல்லாம் சேறு, போனைத் தொட முடியவில்லை, அவன் என் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினான். தெருவில் பாய், கட்டில், பீரோ எல்லாம் குவிந்து கிடந்தன. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எதிர்வீட்டில் பீரோவைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம், “சார், நம்ம ஊர் டீம் ஜெயிச்சிடுச்சு” என்றேன். அவர் அந்த அணியின் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார். “அப்படியா, பலே” என்று சொல்லித் தண்ணீர்க் குழாயைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை கைதட்டினார்.

கொல்கத்தாவில் 1-2 என்று தோற்றாலும் மொத்தத்தில் 4-2. இறுதி ஆட்டம் டிசம்பர் 20, கோவாவின் ஃபடோர்டாவில், கோவா அணியோடு. எங்கள் டிவி செத்துவிட்டது. மாடி வீட்டு அக்காவின் டிவியில் பார்த்தோம். வீடெல்லாம் பிளீச்சிங் வாடை. 54ஆவது நிமிடத்தில் பெனால்டி. பெலிசாரி அடித்ததைக் கோவாவின் கோல்கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி தடுத்தார், திரும்பி வந்ததைப் பெலிசாரியே உள்ளே தள்ளினார். நாலு நிமிடத்தில் கோவா சமன். 87இல் ஜோஃப்ரே ஃப்ரீ கிக்கில் ஒரு கோல், 1-2. முடிந்தது என்று அக்கா அடுப்படிக்குப் போய்விட்டார். 90ஆவது நிமிடத்தில் பெட்டிக்குள் ஒரு தள்ளுமுள்ளு, பந்து கட்டிமணி மேலேயே பட்டுக் கோட்டைத் தாண்டியது. 2-2. மூச்சு விடுவதற்குள் மெண்டோசா இடப்பக்கம் பந்தை வாங்கி, உள்ளே வெட்டி அடித்தார். 3-2. அந்தத் தொடரில் அவருக்கு 13ஆவது கோல். நான் போட்ட சத்தத்தில் அக்கா கரண்டியோடு ஓடிவந்தார். அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். எதையும் பிடிக்காமல் அவர் எழுந்து நின்றே அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது.

மறுநாள் பேப்பரில் அந்தச் செய்தியை அவர் வெட்டி எடுத்தார். சிவப்பு மை பேனாவால் ‘சென்னையின்’ என்ற சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தார். ப்ரூஃப் பார்க்கிறவர்கள் ஒன்றைப் பிழை என்று அடித்துவிட்டு, பிறகு யோசித்து, இல்லை, இருந்தது இருந்தபடியே இருக்கட்டும் என்று கம்போசிட்டருக்குச் சொல்வதற்கு வைக்கிற குறி அது. அந்தத் துண்டுப் பேப்பர் என் பர்ஸில் இருந்து இருந்து மடிப்பில் கிழிந்துவிட்டது; டேப் போட்டு வைத்திருக்கிறேன்.

எங்கள் கிளப் பிறந்தது 2014 ஆகஸ்டில் இல்லை, அந்த டிசம்பரில்தான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். 2018 கோப்பைதான் பெரிது என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. ஆட்டத் தரத்தில் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம்.

2016 சரியில்லை, எட்டில் ஏழாவது. மாட்டெராசி போனார். ஜான் கிரெகரி வந்தார், இங்கிலாந்துக்காரர், ஒழுங்காகத் தடுத்து ஆடும் அணியைக் கட்டினார். அந்த 2017-18 தொடரில் நான் ஒரு உள்ளூர் ஆட்டத்தைக்கூட விடவில்லை. அதில் ஒரு ராத்திரியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2018 மார்ச் 13. கோவாவோடு அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், நேரு ஸ்டேடியத்தில். முதல் ஆட்டம் 1-1. 26ஆவது நிமிடத்தில் ஜேஜே தலையால் முட்டி ஒன்று போட்டார். மூன்று நிமிடம் கழித்து எங்கள் ஆட்டக்காரர் கிரெகரி நெல்சன் பந்தை உள்ளே அனுப்ப, தனபால் கணேஷ் எழும்பினார். வியாசர்பாடிப் பையன். மச்சான் சின்ன வயதில் விளையாடிய அதே மண்ணில் விளையாடி வந்தவர். அவர் வீட்டில் இருந்து அந்த மைதானத்துக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. பந்து அவர் நெற்றியில் பட்டு வலைக்குப் போனது.

பொதுவாகக் கோல் விழுந்தால் மச்சான் என் மேல் ஏறிவிடுவான். அன்றைக்கு அசையவில்லை. இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். சுற்றிலும் மேளம், ஆட்டம், விசில். “நம்ம ஏரியா மாமா, நம்ம ஏரியா” என்று மெதுவாக இரண்டு தடவை சொன்னான். கடைசி நிமிடத்தில் ஜேஜே இன்னொன்று போட்டு 3-0 ஆனது. அதை அவன் சரியாகக் கவனித்தானா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நாலு நாள் கழித்து பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் பெங்களூரு போனோம். கண்டீரவா ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. பெங்களூரு லீகில் 40 புள்ளி எடுத்து முதலிடம், நாங்கள் 32 எடுத்து இரண்டாமிடம். அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம். 9ஆவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி பாய்ந்து விழுந்து தலையால் முட்டிவிட்டார். அப்புறம் பிரேசில்காரர் மைல்சன் ஆல்வெஸ். நெல்சன் அடித்த கார்னர்களில் 17இல் ஒன்று, 45இல் ஒன்று, இரண்டும் தலையால். 67இல் ரஃபேல் அகஸ்டோ தூரத்தில் இருந்து ஒன்று. கடைசியில் மிக்கு ஒன்று திருப்பிப் போட்டும் 3-2. மூன்று வருஷத்தில் இரண்டாவது கோப்பை. ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது கிருஷ்ணகிரி தாண்டி டீக்கடையில் நிறுத்தினார்கள். எங்களைப் போலவே நீலச் சட்டையோடு பத்திருபது பேர். யாருக்கும் யாரையும் தெரியாது, எல்லோரும் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஜேஜேயைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. மிசோரம்காரர். 2014இல் இருந்து ஆறு வருஷம் இங்கே. கூட்டம் ஜே ஜே என்று இருந்தது என்று நாம் சொல்வது வழக்கம். அந்தச் சொல்லே ஒரு ஆளாக வந்து நம் அணிக்குக் கோல் போட்டதில் எனக்குத் தீராத சந்தோஷம். லீகில் எங்களுக்காக 23 கோல். 2023இல் அவர் தெற்கு துய்புய் தொகுதியில் நின்று எம்எல்ஏ ஆனார். தேர்தல் முடிவு வந்த அன்று மச்சான் எனக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தான்.

வருத்தமும் இருக்கிறது. கணேஷ் மாதிரி இன்னும் பத்துப் பேர் அந்தச் சட்டையைப் போட்டிருக்க வேண்டும். வியாசர்பாடியில் இருந்து வந்த நந்தகுமார் சேகர், குமரி மாவட்ட மீனவக் கிராமத்து மைக்கேல் சூசைராஜ் இருவரும் வளர்ந்து பெயர் வாங்கியது வேறு அணிகளில். 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீகின் பட்டம் வாங்கியபோது, நம் பையன்கள் அதில் எத்தனை பேர் இருந்தார்கள்! எட்வின் சிட்னி வான்ஸ்பால் அங்கே ஜெயித்த பிறகுதான் எங்களிடம் வந்தார். அந்தச் சென்னை சிட்டியும் சில வருஷத்தில் ஐ-லீகை விட்டே மறைந்துவிட்டது. அதை நினைத்தால் வயிறு எரிகிறது. இந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. மண்ணில் ஆடும் பையனை மேலே கொண்டுவந்து சேர்க்கும் ஏணிதான் இல்லை.

அதே 2018-19இல் நடப்புச் சாம்பியனாகப் போன நாங்கள் 18 ஆட்டத்தில் 9 புள்ளியுடன் கடைசி. கேலரியில் எங்கள் வரிசையில் நானும் மச்சானும் மட்டும் உட்கார்ந்திருந்த நாளும் உண்டு. சமோசா விற்கிறவர் எங்களைப் பார்த்துவிட்டுக் கூடையை எங்கள் பக்கத்திலேயே வைத்துவிட்டு ஆட்டம் பார்த்தார்.

அடுத்த வருஷம் முதல் நாலு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது, ஹைதராபாத்தோடு, இங்கே. 90 நிமிடம் முடிந்தும் 0-0. பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. மிகை நேரத்தில் மால்டாக்காரர் ஆந்த்ரே ஷெம்ப்ரி ஒன்று போட்டார். உடனே அவர்கள் திருப்பிப் போட்டார்கள். அதற்கடுத்த நிமிடமே லிதுவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ்! ஐந்து ஆட்டமாக அடைத்துக் கிடந்த குழாய் திறந்துகொண்டது போல மூன்று நாலு நிமிடத்துக்குள் மூன்று கோல். வெளியே போனவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடிவந்தார்கள். அப்புறம் ஓவன் கோய்ல் பயிற்சியாளராக வந்தார். ஒன்பதாம் இடத்தில் இருந்த அணி நாலாவதாக முடித்து, கோவாவை 4-1, 2-4 என்று மொத்தத்தில் 6-5ஆகத் தாண்டி இறுதிக்குப் போனது. 2020 மார்ச் 14. கொரோனாவால் காலி மைதானத்தில் ஆட்டம். கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 1-3. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் டிவியில் தெளிவாகக் கேட்டது, அதைத் தாங்க முடியவில்லை. வால்ஸ்கிஸ் அந்தத் தொடரில் 15 கோல் போட்டார்.

அதற்கப்புறம் இரண்டு தொடர் கோவாவிலேயே, கூட்டம் இல்லாமல். பிப்ரவரி 29 அரையிறுதிக்கு நேரு ஸ்டேடியத்தில் உட்கார்ந்தவர்கள் 2022 அக்டோபரில்தான் திரும்ப உட்கார்ந்தோம். எங்கள் இருக்கையில் காக்கை எச்சம் காய்ந்திருந்தது. மச்சான் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்து இரண்டையும் துடைத்தான். மைதானத்துக்குள் அனிருத் தாபாவைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. பதினெட்டு வயதில் எங்களிடம் வந்து, கேப்டனாக வளர்ந்த டேராடூன் பையன். அடுத்த வருஷம் அவரும் மோகன் பகானுக்குப் போய்விட்டார்.

புள்ளிப் பட்டியலில் எட்டாவது, மறுபடி எட்டாவது, மறுபடியும் எட்டாவது, ஒருமுறை ஆறாவது, 2024-25இல் பதினொன்றாவது. இதையெல்லாம் நீட்டிச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு ஆட்டத்தையும் விடவில்லை, அவ்வளவுதான்.

2025 செப்டம்பரில் தொடங்க வேண்டிய லீக் தொடங்கவில்லை. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீகை நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த 15 வருஷ ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிய இருந்தது. அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை மாலை வந்தால் கை காலுக்கு வேலை இல்லாதது போலிருந்தது. பஸ் ஏறி வியாசர்பாடிக்குப் போனேன். மச்சான் இப்போது அங்கே சாயங்காலங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு விசில் ஊதுகிறான். மழை பெய்து ஓய்ந்த மண், ஒரு கோல் கம்பத்துக்குப் பதில் இரண்டு செங்கல்.

எட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் முட்டிக்குக் கீழே தொங்கும் நீலச் சட்டை போட்டிருந்தான். அண்ணனுடையதாக இருக்கும். முதுகில் எழுத்தெல்லாம் உதிர்ந்து எண் மட்டும் பாதி ஒட்டியிருந்தது. நெஞ்சில் அந்தத் திருஷ்டி முகம் மட்டும் முழுசாக இருந்தது. பந்து என் காலடிக்கு உருண்டு வந்தது. எடுத்துக் கொடுக்கும்போது, “இது எந்த டீம் சட்டைடா?” என்று கேட்டேன்.

“சென்னையின்” என்றான். பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான்.